கோடையில் கொல்லையை நம்பி உலை வைக்கலாமா?

மார்ச் 9, 2024 – கேள்வி

நேராகவே கேட்கிறேன். கோடைக்காலத்தில் வீட்டுத் தோட்டத்தை வைத்து ஐந்து பேர் சாப்பிட முடியுமா? காய்கறிச் செலவு உண்மையிலேயே குறைகிறதா? வீடியோக்களில் கூடை கூடையாக அறுவடை காட்டுகிறார்கள். அதில் பாதி கோயம்பேட்டில் அறுவடை ஆனதோ என்று எனக்குச் சந்தேகம். கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள். மண்வாசனை, மன அமைதி வகையறா வேண்டாம்.

மார்ச் 10

கணக்கு நோட்டு இருக்கிறது. அதனால் பேசுகிறேன்.

இடம் லால்குடி பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் கொல்லை, 650 சதுர அடி சொச்சம். சாப்பிடுவது நான், வீட்டுக்காரர், அத்தை (அவருடைய அம்மா), ஒன்பதாவது படிக்கும் பெரியவள், ஐந்தாவது படிக்கும் சின்னவன். சின்னவனை முழு ஆளாகக் கணக்கில் சேர்க்க முடியாது. பச்சையாக இருக்கிற எதையும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவான்.

நிரந்தரமாக நிற்பவை: பி.கே.எம்.1 ரகச் செடிமுருங்கை ஒன்று, வாழை மூன்று, பப்பாளி ஒன்று, ஒரு கருவேப்பிலை. வேலியில் கொடிப்பசலை படர்ந்திருக்கிறது. பொங்கல் கழிந்த வாரம் விதைத்தவை: வெண்டை இருபது செடி, கொத்தவரை ஒரு பாத்தி, பந்தலுக்குப் பீர்க்கும் சுரையும். சிறுகீரையும் தண்டுக்கீரையும் பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவேன். மொத்தமாகத் தூவினால் மொத்தமாக வரும், மூன்று நாள் கீரையே தின்று வீடு கலவரமாகும்.

அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளை, தேங்காய் எல்லாம் கடைதான். ‘நாங்கள் கடைக்கே போவதில்லை’ என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டில் உப்பு எந்தப் பாத்தியில் விளைகிறது என்று கேளுங்கள்.

வெண்டை இருபது செடி என்றேன் அல்லவா, அந்த எண்ணிக்கை முக்கியம். ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தால் இருபது, இருபத்தைந்து காய் கிடைக்கிறது. எடை போட்டால் 300 கிராம் சுமார். ஐந்து பேருக்கு ஒருவேளைப் பொரியலுக்குச் சரியாக இருக்கும். ஆறு செடி வைத்தவர்களுக்கு நாளைக்கு மூன்று காய் வரும். அதைப் படம் எடுக்கலாம், பொரிக்க முடியாது. பறிக்காமல் இரண்டு நாள் ஊருக்குப் போனால் முற்றி விறகாகிவிடும்.

மார்ச் 10, இரவு

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே எழுந்து போயிருக்கிறேன். முடியும். ஆனால் நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று முந்தின ராத்திரி படுத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்களுக்குச் சரிப்படாது. காலையில் கொல்லைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் உலை.

மார்ச் 15

தக்காளியைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். வெட்கப்பட்டுத்தான் சொல்லவில்லை. தை மாதம் எட்டு நாற்று நட்டேன். மாசியில் பூத்துக் குலுங்கியது, இருபது முப்பது பழமும் கிடைத்தது. இந்த வாரம் பூவெல்லாம் காம்போடு உதிர ஆரம்பித்துவிட்டது. வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கம் இறங்காமல் இருந்தால் தக்காளிப் பூ பிடிக்காது. தண்ணீர் ஊற்றினாலும் உரம் போட்டாலும் இதே கதைதான். பங்குனியில் தக்காளிக்கு ஊற்றுகிற தண்ணீரை வாழைக்கு ஊற்றுவது புத்திசாலித்தனம். நான் அந்தப் புத்தி வருவதற்கு மூன்று கோடை எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம், 2023 ஜூலையில், தக்காளி கிலோ நூறைத் தாண்டியதும் அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதும் நினைவிருக்கும். அந்த மாதம்தான் இந்த வீட்டில் தக்காளி இல்லாத சமையல் திரும்பி வந்தது. அத்தைக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. “எங்க அம்மா வெச்ச சாம்பார்ல ஏதுடி தக்காளி” என்றார். புளி இருக்கிறது, மாங்காய்க் காலத்தில் மாங்காய் இருக்கிறது, புளிச்சக்கீரை ஒரு கைப்பிடி இருந்தால் பருப்பில் போட்டுக் கடையலாம். மிளகு ரசத்துக்குத் தக்காளி தேவையே இல்லை. நாம்தான் ஓட்டல் ரசத்தைப் பார்த்து நாக்கைக் கெடுத்துக்கொண்டோம்.

மார்ச் 24

“ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், உள்ளபடி எழுதுங்கள்” என்கிறார் முதலில் கேள்வி கேட்டவர். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. சரி.

திங்கள் முருங்கைக்காய் சாம்பார், வெண்டை வதக்கல். செவ்வாய் சிறுகீரை கடைசல், குழம்பு. காலையில் நீராகாரம் குடித்துவிட்டதால் மதியம் பசியே இல்லை, குழம்பு மிஞ்சிவிட்டது. புதன் அந்த மிஞ்சின குழம்பு, அப்பளம். வியாழன் கொத்தவரை பருப்பு உசிலி, மோர்க்குழம்பு. வெள்ளி முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும், புளிரசம். சனி கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல், ஏனென்றால் சின்னவன் சத்தியாகிரகம் இருந்தான். ஞாயிறு அரைக் கிலோ கோழி. அதுவும் முருங்கைக்காய் போட்ட கோழிக்குழம்பு, ஐந்து பேருக்கு அரைக் கிலோவை எட்ட வைக்க வேறு வழியில்லை.

உசிலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், காய் குறைவாக வரும் வீட்டுக்கு அது தெய்வம். கொத்தவரை ஒரே சீராகக் காய்க்காது. ஒருநாள் கால் கிலோ வரும், இன்னொரு நாள் ஒரு பிடிதான். அந்த ஒரு பிடி, 150 கிராம் இருக்கும், பொரித்தால் இரண்டு பேருக்கு. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சேர்த்து ஒரு டம்ளர் ஊறவைத்து, மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்போடு கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறியதும் உதிர்த்துக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கும்போது உதிர்த்தால் களியாகிவிடும், நானே இரண்டு தடவை களி கிண்டியிருக்கிறேன். கடுகு தாளித்து உதிர்த்த பருப்பை எண்ணெயில் புரட்டி, வெந்த கொத்தவரையைச் சேர்த்தால் ஐந்து பேருக்குத் தாராளம். பருப்பு காசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குச் சாம்பார் தேவைப்படாது, அந்தப் பருப்பு மிச்சம்.

மார்ச் 25

ஒருவர் திருத்தியிருக்கிறார்: பருப்பு ஊறவைக்கும்போது கொஞ்சம் பச்சரிசி சேர்த்தால் நன்றாக உதிருமாம். செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 31

தண்ணீர். இதைப் பற்றித்தான் நிறையக் கேட்கிறீர்கள்.

எங்களுக்குப் போர்வெல் இருக்கிறது. அரை ஹெச்.பி. மோட்டார், கொல்லைக்கு மட்டும் நாளைக்கு இருபது நிமிடம். இரண்டு மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் போகாது, இலவச நூறு யூனிட்டில் அது கரைந்துவிடுகிறது. கையால் குடம் தூக்கி ஊற்றுகிறவர்கள் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு என்னைத் திட்ட உரிமை உண்டு.

அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் பக்கெட்டில் சேர்ந்து கீரைப் பாத்திக்குப் போகும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் வாழைக்கு மட்டும். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாதீர்கள். அடிப் பிடித்த பழைய மண்பானை இரண்டை வெண்டைப் பாத்தியில் கழுத்தளவு புதைத்து வைத்திருக்கிறேன். நிரப்பி மூடிவிட்டால் கசிந்து கசிந்து இரண்டு நாள் தாங்குகிறது. புதுப் பானை வாங்கிப் புதைக்க வேண்டாம், பானை விலைக்கு ஒரு மாதக் கீரை வாங்கலாம்.

அப்புறம் மூடாக்கு. வாழைச் சருகு, தென்னை ஓலைத் துண்டு, காய்ந்த இலை என்று கிடைத்ததைச் செடியடியில் கனமாகப் பரப்புங்கள். மண் தொட்டால் குளுமையாக இருக்கும். அருமையான முறை.

ஏப்ரல் 3

அருமையான முறையில் கறையான் வந்துவிட்டது.

நான்கு வெண்டைச் செடி அடியோடு சாய்ந்துவிட்டன. சருகைத் தூக்கிப் பார்த்தால் மண்புற்று தண்டில் ஒரு சாண் உயரம் ஏறியிருக்கிறது. செடியின் தண்டை ஒட்டிச் சருகைக் குவித்தது என் தப்பு. ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட வேண்டும், பங்குனி வெயிலில் காய்ந்த சருகை அப்படியே விடாமல் அவ்வப்போது நனைத்துக் கிளறிவிட வேண்டும். வேப்பம் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றியிருக்கிறேன். இனி இருபது செடிக் கணக்கைப் பதினாறு என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6

சுரையில் முதல் காய் இறங்கியது, இரண்டு கிலோ இருக்கும். நறுக்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன், லேசான கசப்பு. முதல் காய் அப்படித்தான் இருக்கும் என்று பாலும் ஒரு துண்டு வெல்லமும் போட்டுக் கூட்டு வைத்துவிட்டேன். கசந்தால் வெல்லம் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 8

மேலே ஏப்ரல் 6 அன்று எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். அழிக்காமல் விட்டிருக்கிறேன், என் முட்டாள்தனம் பார்வைக்கு இருக்கட்டும்.

அன்று மதியம் கூட்டைச் சாப்பிட்டது நானும் வீட்டுக்காரரும்தான். ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் வயிற்றைப் பிரட்டி வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு “கசக்குதே” என்று ஒதுக்கிவிட்டார். சின்னவன் வழக்கம்போல் தள்ளிவைத்தான். அவனுடைய கொள்கைக்கு முதல் வெற்றி.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “சுரைக்காய் கசந்ததா?” என்பதுதான். சுரை, வெள்ளரி, பீர்க்கு குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்று ஒரு கசப்புப் பொருள் உண்டு. நல்ல ரகத்தில் இருப்பதே தெரியாது. சில செடியில் ஏறிவிடும், கடும் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் அதற்குத் தூண்டுதல். வேகவைத்தாலும் போகாது, வெல்லம் போட்டால் நாக்கைத்தான் ஏமாற்றலாம், குடலை ஏமாற்ற முடியாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்களே இருக்கிறார்கள். பாகற்காயின் கசப்பு வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம்: சுரையோ வெள்ளரியோ பீர்க்கோ, நறுக்கியதும் நுனியில் ஒரு கடுகளவு நாக்கில் வைத்துப் பார்ப்பது. கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுதும் குப்பைக் குழிக்கு. இரண்டு கிலோ காய் போகிறதே என்று மனம் கேட்காது. சிக்கனம் பார்த்த அந்தக் கூட்டுக்கு டாக்டர் ஃபீஸும் மருந்துமாக 640 ரூபாய் ஆனது. நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுதச் சொன்னார் வீட்டுக்காரர். எழுதவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல். வேப்பம்பூ தெருவிலேயே கொட்டிக் கிடக்கிறது, வெள்ளைத் துணியை விரித்து வைத்தால் போதும். மாங்காய் எதிர்வீட்டில் கொடுத்தது. பதிலுக்கு முருங்கைக்காய் கொடுத்தேன். அவர்கள் வீட்டிலும் முருங்கை இருக்கிறது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போடப் போன இடத்திலும் வரிசையில் முருங்கைக்காய்ப் பேச்சுதான். சித்திரையில் யார் வீட்டு முருங்கைதான் காய்க்கவில்லை? பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆள் தேடி அலைகிறோம். உழவர் சந்தை விலைப் பலகையில் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது.

அந்தப் பலகையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் கொல்லை எப்போது நிறையக் கொடுக்கிறதோ, அதே வாரத்தில் ஊரில் எல்லாக் கொல்லையும் நிறையக் கொடுக்கிறது, சந்தையிலும் அதுவே மலிவு. கார்த்திகை மார்கழியில் முருங்கைக்காய் யானை விலை விற்கும்போது என் மரம் மொட்டையாக நிற்கும். அப்படியானால் நான் மிச்சம் பிடிப்பது எல்லாமே மலிவான காயைத்தான். இதை யோசித்துவிட்டு மறுபடி வருகிறேன். நோட்டைப் புரட்ட வேண்டும்.

ஏப்ரல் 21

இடையில் ஒன்று. பப்பாளிக் காயில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, மரத்தை வெட்டவா என்று கேட்டவருக்கு: மாவுப்பூச்சி. வெட்டாதீர்கள். 2008-ல் இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டில் புகுந்தபோது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் அம்மா வீட்டில் மூன்று மரத்தையும் வெட்டிக் கொளுத்தினோம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவை விடச் சின்னதான ஒரு குளவியைத் தருவித்தார்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விட்டது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். அதன் பிறகுதான் அடங்கியது. இப்போது கொஞ்சம் தென்பட்டால் நான் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவிவிட்டு விட்டுவிடுகிறேன். கண்ட மருந்தையும் அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

பப்பாளிக் காயைக் கூட்டு வைக்கலாம் என்பது தெரியும்தானே? தோலைச் சீவி, பாசிப்பருப்போடு வைத்தால் சௌசௌ கூட்டுக்கும் இதற்கும் அத்தைக்கே வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.

ஏப்ரல் 28

நோட்டைப் புரட்டினேன். முதலில் சங்கடமான பகுதி.

இதுவரை வரவு எழுதியது எப்படி என்றால், பறித்த எல்லாவற்றுக்கும் அன்றைய உழவர் சந்தை விலை. அதில் இரண்டு பொய். ஒன்று, எதிர்வீட்டுக்கும் டியூஷன் டீச்சருக்கும் கொடுத்த முருங்கையையும் வரவில் ஏற்றியிருக்கிறேன். தானம் கொடுத்ததை வருமானம் என்று எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இன்னொன்று கீரை. வாரத்துக்கு நான்கு நாள் கீரை பறித்துக் கட்டு 15 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன். கடையில் வாங்குவதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு கட்டோ இரண்டு கட்டோதான் வாங்கியிருப்பேன். வாங்கியே இருக்காத பொருளை விளைவித்து மிச்சம் பிடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சாப்பிட்டோமே என்கிறார் வீட்டுக்காரர். அதுவும் சரிதான். ஜூன் முடியட்டும், இரண்டு விதமாகவும் போடுகிறேன்.

மே 5

நேற்று அக்னி நட்சத்திரம் பிறந்தது, 28 வரை. கொல்லைக்குள் பத்து மணிக்குப் பிறகு கால் வைக்க முடியவில்லை. சிறுகீரை முளைத்த நாலாம் நாளே கருகுகிறது, தூவுவதை நிறுத்திவிட்டேன். தாக்குப் பிடிப்பது கொடிப்பசலை, முருங்கைக்கீரை, கொத்தவரை. கொத்தவரைக்கு வெயில் என்றால் திருவிழா.

எனவே வற்றல். கொத்தவரை நாலு நாள் பறித்தது சேர்ந்து முக்கால் கிலோ. உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் மட்டும் போட்டு எடுத்து, வடித்து, புளித்த மோரில் ராத்திரி ஊறவைக்க வேண்டும். காலையில் மொட்டைமாடியில் பாய் விரித்து அதன்மேல் வேட்டியில் காயப்போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோரில். மோர் தீரும்வரை இதே வேலை, எங்கள் வெயிலுக்கு மூன்று நாள். அப்புறம் மோர் இல்லாமல் மேலும் இரண்டு நாள். ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். முக்கால் கிலோ காய் காய்ந்து ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பார்த்தால் மனசு விட்டுப் போகும். எண்ணெயில் போட்டால் திரும்ப ஒரு தட்டு நிறையும்.

காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்துக் கட்டி வைப்பது வழக்கம். இந்த வருஷக் காக்காய் அந்தக் குடை மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

சின்னவன் வற்றல் தின்கிறான். பச்சை நிறம் போய்விட்டதாம்.

மே 18

மழை. அக்னி நட்சத்திரத்தில் இப்படியா பெய்யும்? மூன்று நாளாக மூடிக்கொண்டு கிடக்கிறது. மாடியில் இருந்த இரண்டாம் தவணைக் கொத்தவரையையும் சுண்டைக்காயையும் எடுத்து ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். சுண்டைக்காய் பிழைத்தது. கொத்தவரையில் பூஞ்சை பூத்துவிட்டது, எடுத்துக் கொட்டிவிட்டேன். பூஞ்சையைத் துடைத்துவிட்டுக் காயவைத்தால் போதும் என்று அத்தை சொன்னார். சுரைக்காய்க்குப் பிறகு இந்த வீட்டில் ‘போதும்’ என்ற வார்த்தைக்கு மதிப்பு இல்லை.

கீரைக்கு மட்டும் யோகம். ஒரே மழையில் தண்டுக்கீரை முழங்கால் உயரம். முற்றின தண்டை நார் உரித்துச் சாம்பாரில் போட்டால் முருங்கைக்காய் மாதிரிக் கடித்து உறிஞ்சலாம்.

மே 26

கொஞ்சம் காரமாக ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஒன்றரை சென்ட் கொல்லையும் போரும் இருப்பவர் சிக்கனம் பேசுவது எளிது. நாங்கள் வாடகைக்கு ஒரே அறையில் இருக்கிறோம், பால்கனியும் கிடையாது.”

மறுக்க ஒன்றுமில்லை. இந்த நிலத்தை நான் வாங்கவில்லை, மாமனார் வாங்கிப் போட்டது. கல்யாணமாகி முதல் ஆறு வருஷம் திருச்சியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்போது ஜன்னல் கம்பியில் இருந்தது பழைய எண்ணெய் டின் ஒன்று, அதில் பொன்னாங்கண்ணி. கடையில் வாங்குகிற கட்டில் தழையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டால் வேர் பிடித்துவிடும். கொடிப்பசலையும் அப்படித்தான். சமையல் வெந்தயத்தை ஒரு தட்டு மண்ணில் நெருக்கமாகத் தூவினால் இருபது நாளில் கீரை. வயிறு நிறைக்காது, ஆனால் கட்டு வாங்கி முக்கால்வாசி வாடிக் குப்பைக்குப் போகிற நஷ்டம் இல்லை. அதற்கு மேல் அந்த ஜன்னல் ஒன்றும் கொடுத்ததில்லை. வாடகை வீட்டில் தோட்டம் போட்டுச் சிக்கனம் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 2

முன்பு சொன்ன பச்சரிசி விஷயம்: உண்மை. உசிலி பூப்பூவாக உதிர்கிறது. சொன்னவருக்கு நன்றி.

ஜூன் 9

பீர்க்கங்காய் சின்னவனுக்கு ஆகாது. ஆனால் பீர்க்கங்காய்த் தோல் துவையலைத் தோசைக்குத் தொட்டு மூன்று மாதமாகச் சாப்பிட்டு வருகிறான், பெயர் தெரியாமல். தோலின் முண்டுகளைச் சீவும்போது கொஞ்சம் சதையோடு சீவி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கொட்டைப்பாக்களவு புளி, தேங்காய் வைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரவென்று. ‘பச்சைச் சட்னி’ என்று சொல்லிப் பரிமாறுகிறோம். பச்சை என்ற வார்த்தையே அதில் இருக்கிறது, அவன் இன்னும் கவனிக்கவில்லை.

ஜூன் 30

கணக்கு. மார்ச் முதல் ஜூன் வரை, நான்கு மாதம்.

செலவு: விதை 180, தொழு உரம் இரண்டு மூட்டை 200, வேப்பம் புண்ணாக்கு 250, பந்தல் கயிறு 120. மொத்தம் 750. (மூன்று வருஷத்துக்கு முன் பந்தல் கல்லுக்கும் வேலிக்கும் போட்ட 4,300-ஐ இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்தக் குறிப்பை இங்கேயே முடித்துவிடலாம்.)

வரவு, பழைய பொய்க் கணக்கில் 2,640. தானம் போன முருங்கை 600, வாங்கியே இருக்காத கீரை 450, இரண்டையும் கழித்தால் 1,590. செலவு போக 840. மாதத்துக்கு 210 ரூபாய். அவ்வளவுதான். டாக்டருக்குக் கொடுத்த 640-ஐயும் கழித்தால் நாலு மாதத்துக்கு 200 ரூபாய் லாபம் பார்த்த விவசாயி நான்.

இதோடு நிறுத்தியிருப்பேன். வீட்டுக்காரர் வேறொரு கணக்கு எடுத்து வந்தார், ஜி-பே வரலாறு. காய்கறிக் கடைக்கும் பக்கத்து மளிகைக்கும் போன பணம் ஜனவரி, பிப்ரவரியில் மாதத்துக்கு 3,000 சுமார். ஏப்ரலில் 1,900. ஏறக்குறைய 1,100 குறைந்திருக்கிறது. கொல்லை கொடுத்ததோ, செலவைக் கழிக்காமல் பார்த்தாலும், மாதத்துக்கு 400 ரூபாய்க் காய்தான். மீதி 700 எங்கே போனது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

காலிஃப்ளவர், காளான், பன்னீர், கடைக்கு வந்த பெரியவளுக்கு ஒரு சிப்ஸ், ‘கிலோ வாங்கினால் மலிவு’ என்று வாங்கி அழுகிப் போன கேரட். வாரத்துக்கு மூன்று தடவை கடைக்குப் போனது ஒரு தடவையாகிவிட்டது. கொல்லையில் இருப்பதை வைத்து ஏதோ ஒன்று ஒப்பேற்றிவிட முடிகிறபோது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றுவதில்லை. காய் வாங்கப் போகிறவர்கள் காயோடு மட்டும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

ஆக, முதலில் கேள்வி கேட்ட வேளச்சேரிக்காரருக்கு: கொல்லை விளைவித்த காயால் எனக்கு மிச்சம் 210. கொல்லை இருக்கிறது என்று கடைக்குப் போகாததால் மிச்சம் 700. இந்த 700 மிச்சத்துக்குக் கொல்லை வேண்டுமா, சோம்பேறித்தனம் மட்டும் போதுமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜூலை 1

அவர் பதில் போட்டுவிட்டார்: “என்னிடம் இரண்டாவது நிறைய இருக்கிறது.”

ஜூலை 14

ஏப்ரல் 20 அன்று விட்ட இடம்: சந்தையும் கொல்லையும் ஒரே நேரத்தில் விளைகின்றன என்று புலம்பியிருந்தேன். வற்றல் டப்பாவைத் திறந்தபோது அதற்கு ஒரு விடை தட்டுப்பட்டது. சித்திரையில் ஒன்றுக்கும் ஆகாத விலைக்கு விற்ற கொத்தவரை இப்போது டப்பாவில் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் காய் விலை ஏறும்போது வற்றல் குழம்பு வைத்தால் அன்றைக்கு அதன் விலை என்ன? அத்தை காலத்தில் இதைக் கணக்கு என்று யாரும் சொன்னதில்லை, வெயில் அடிக்கிறது, காயப்போடு என்றுதான் சொன்னார்கள். மழையில் இரண்டாம் தவணை போனது இப்போதுதான் வலிக்கிறது. கொத்தவரை வற்றல் ஒரு டப்பா, சுண்டை அரை டப்பா, மோர்மிளகாய் ஒரு டப்பா. தீபாவளி வரை தாக்குப் பிடிக்காது. சின்னவன் நடுராத்திரி எழுந்து பச்சையாகவே கொறிக்கிறான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. இந்த வருஷம் வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த வேகத்தில் கொள்ளிடம் கரை முட்டிப் போகிறது. ஆற்றுப் பக்கம் போக விடவில்லை, அதனால் கலந்த சாதத்தை மொட்டைமாடியில் வைத்துச் சாப்பிட்டோம். எலுமிச்சை, தேங்காய், புளியோதரை. தொட்டுக்கொள்ளக் கொத்தவரை வற்றல், கடைசி இரண்டு கைப்பிடி.

பந்தலில் ஒரு பீர்க்கங்காயை அத்தை பறிக்கவிடாமல் முற்றவிட்டிருந்தார். பழுத்துக் காய்ந்து பழுப்பாகி, காற்றில் ஆடும்போது உள்ளே கலகலவென்று சத்தம். இன்று இறக்கி நுனியை உடைத்துத் தட்டினேன். கறுப்பு விதை, எண்ணிப் பார்த்தால் 84. நாலு குழி தோண்டிக் குழிக்கு மூன்று போட்டாயிற்று. கொஞ்சம் எதிர்வீட்டுக்கு. கூட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்தோம், பாத்திரம் தேய்க்க நாலு துண்டு நார் கிடைத்தது. நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.